பெரிய வீட்டு அலங்காரத்தில் நம் வீட்டுக்கு எதை எடுக்கலாம்? 850 சதுர அடி, கையில் 60,000

மகாராஜநகர் மதி · ஞாயிறு, இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு பாளையங்கோட்டை மகாராஜநகரில். மாமனார் 1994-ல் கட்டியது. முன்னால் தார்சா என்கிற முன்தாழ்வாரம், அடுத்து பட்டாசல் என்கிற கூடம், இரண்டு அறை, அடுக்களை, பின்னால் பாத்திரம் கழுவுகிற அங்கணம். தார்சாவிலும் பட்டாசலிலும் சிவப்பு ஆக்சைடு தரை, அறைகளில் மொசைக். சுவர் இளம்பச்சை. பட்டாசல் நடுவில் ஒரு ட்யூப்லைட், ஒரு ஃபேன். அவ்வளவுதான் வீடு.

போன வாரம் கே.டி.சி. நகரில் தோழி வீட்டுப் பால்காய்ப்புக்குப் போனோம். இத்தாலியன் மார்பிள் தரை, கூரை ஓரம் முழுக்க ஒளித்துவைத்த விளக்கு, டிவிக்குப் பின்னால் வரிவரியாக மரப்பட்டை அடித்த சுவர், கூரையிலிருந்து தரை வரை தொங்குகிற திரை. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், எழுந்திருக்க மனசே வரவில்லை. வீட்டுக்கு வந்து சுவிட்சைப் போட்டதும் எங்கள் பட்டாசல் ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி தெரிந்தது.

தை மாதம் கொழுந்தனாருக்குக் கல்யாணம். பெண் வீட்டார் நிறையப் பேர் வந்து போவார்கள். இன்டீரியர் வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஃபால்ஸ் சீலிங், சிவப்புத் தரை மேல் டைல்ஸ், ஒரு சுவருக்கு வால்பேப்பர், டிவி யூனிட், எல்லாம் சேர்த்து 2,40,000 சொன்னார். கையில் இருப்பது 60,000. கடன் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அந்த வீட்டில் பார்த்ததில் எதை எடுத்தால் எங்கள் வீட்டுக்குப் பொருந்தும்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

வண்ணார்பேட்டை குமார் · ஞாயிறு, இரவு 9:40

மதினி, வேறு என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள், சிவப்புத் தரை மேல் டைல்ஸ் மட்டும் ஒட்டிவிடாதீர்கள். நாங்கள் 2016-ல் ஒட்டினோம். தரை முக்கால் அங்குலம் ஏறியதில் எல்லாக் கதவையும் அடியில் இழைக்க வேண்டியதாயிற்று. வாசல் நிலைப்படி தாழ்ந்துபோனது. இன்று அந்தத் தரையை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அம்பை டீச்சர் · ஞாயிறு, இரவு 10:25

மதி, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. தோழி வீட்டில் மார்பிளைப் பார்த்து உங்களுக்கு ஏக்கம் வரவில்லை. சுவிட்சைப் போட்டதும்தான் வந்தது. வித்தியாசம் முக்கால்வாசி வெளிச்சத்தில்.

நல்ல ஹோட்டல் அறையை நினைத்துப் பாருங்கள். நடுக்கூரையில் ட்யூப்லைட் இருக்காது. கட்டில் பக்கம் ஒன்று, மேசையில் ஒன்று, திரைக்கு மேலே மறைவாக ஒன்று என்று நாலைந்து சின்ன விளக்குகள். ஒவ்வொன்றும் ஒரு இடத்தை மட்டும் காட்டும், இடையில் நிழல் விழும். அந்த நிழல்தான் அறைக்கு ஆழம் கொடுக்கிறது. ட்யூப்லைட் எல்லா மூலையிலும் ஒரே மாதிரி அடிப்பதால் சுவரில் இருக்கிற ஒட்டடைக்கறையும் நம் முகமும் ஒரே வெளுப்பில் தெரியும்.

இதற்கு ஃபால்ஸ் சீலிங் தேவையே இல்லை. பல்பு வாங்கும்போது பெட்டியில் வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்கிற எண் போட்டிருக்கும், அதைப் பாருங்கள். நம் கடைகளில் கேட்காமல் எடுத்துக் கொடுப்பது 6500 கெல்வின், நீலம் கலந்த வெள்ளை. 2700 அல்லது 3000 என்று கேட்டு வாங்குங்கள். பழைய குண்டு பல்பின் நிறம் அது. சிவப்புத் தரை 6500-ல் செத்துப்போய்க் கிடக்கும், 3000-ல் பழுத்த மாதிரி தெரியும். ஒரே அறையில் இரண்டையும் கலந்து எரிய விடாதீர்கள், கண்ணுக்கு உறுத்தும்.

இரண்டாவது, அந்த வீட்டுச் சுவரில் என்ன தொங்கியது என்று யோசித்துப் பாருங்கள். ஒரு படம் இருந்திருக்கும், இல்லை ஒன்றுமே இருந்திருக்காது. நம் வீடுகளில் நகைக்கடை காலண்டர், ஜவுளிக்கடை காலண்டர், மருந்துக்கடை காலண்டர், நடுவில் கல்யாணத்துக்கு வந்த கடிகாரம். ஷோகேஸில் இருக்கிற சாமான்களில் பாதியை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு பரண்மேல் ஏற்றிவிட்டு ஒரு வாரம் பாருங்கள். காசு செலவில்லை.

கடையநல்லூர் காதர் · திங்கள், காலை 6:50

டீச்சரம்மா சொல்வது இளவட்டங்களுக்குச் சரி. எனக்கு 64 வயது. மகன் வீட்டில் இப்படித்தான் மஞ்சள் விளக்கு போட்டான். பேப்பர் படிக்க முடியவில்லை, மாத்திரை அட்டையில் இருக்கிற எழுத்து தெரியவில்லை. என் வீட்டுக்காரி அரிசி புடைத்துக் கல் பொறுக்குவதற்காகப் பகலில் வாசலுக்குப் போகிறாள். அழகுக்காக வீட்டுப் பெரியவர்களை இருட்டில் உட்காரவைக்கக் கூடாது.

அம்பை டீச்சர் · திங்கள், காலை 7:15

அண்ணாச்சி, நீங்கள் சொன்னது ரொம்ப முக்கியம், அதைச் சொல்லாமல் விட்டது என் தப்பு. நிறம் வேறு, அளவு வேறு. மஞ்சள் வெளிச்சத்திலும் நிறைய வெளிச்சம் கிடைக்கும், வாட் கூட்டிப் போட வேண்டும். அப்புறம், படிக்கிற நாற்காலிக்குப் பக்கத்தில் தனியாக ஒரு விளக்கு, அடுக்களை மேடைக்கு நேர் மேலே ஒன்று, பிள்ளைகள் எழுதுகிற இடத்தில் ஒன்று. அங்கெல்லாம் 4000 கெல்வின் நல்லது. பழைய ட்யூப்லைட்டைக் கழற்றவும் வேண்டாம், தனி சுவிட்சில் இருக்கட்டும். கல் பொறுக்கும்போது போட்டுக்கொள்ளலாம்.

சாத்தான்குளம் ராணி · திங்கள், மதியம் 1:30

நான் வாடகை வீட்டில் இருக்கிறேன். சுவரில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டும். போன வருடம் ஆன்லைனில் மார்பிள் மாதிரி ஸ்டிக்கர் வாங்கி அடுக்களை மேடையில் ஒட்டினேன். ஒட்டிய அன்றைக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா! சாமான் எல்லாம் எடுத்துவிட்டு போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். மூன்றாம் மாதம் அடுப்புப் பக்கம் சூட்டில் ஓரம் சுருண்டது. சுருண்ட இடத்தில் எண்ணெய் இறங்கி, அதற்குள் எறும்பு. உரித்து எடுத்தால் பசை பிசுபிசுவென்று கல்லிலேயே நின்றுவிட்டது. தேங்காய் எண்ணெய் தடவி ஊறவிட்டு நாலு நாள் சுரண்டினேன்.

அடியில் இருந்தது நல்ல கறுப்புக் கடப்பா கல். அதைத்தான் மூடி வைத்திருந்தேன். இப்போது துடைத்து வெறுமனே விட்டிருக்கிறேன், பக்கத்தில் ஒரு வெண்கலக் கும்பா மட்டும். ஆனால் ஸ்டிக்கர் ஒட்டியவர்களை யாரும் இங்கே குறை சொல்ல வேண்டாம். வாடகை வீட்டில் நம்முடையது என்று ஒன்று இருக்க வேண்டும் என்ற ஆசையில்தான் ஒட்டுகிறோம். பீரோ கதவு, புத்தக அலமாரியின் உள்பக்கம் மாதிரி சூடும் ஈரமும் படாத இடத்தில் ஒட்டினால் நிற்கிறது.

கொத்தனார் மகன் · திங்கள், இரவு 8:05

அப்பா 40 வருடமாகக் கொத்தனார். நானும் அவருடன் வேலைக்குப் போகிறவன்தான். மதி அக்கா, ஒரு சதுர அடி அலங்காரம் செய்வதற்கு முன்னால் மாடிக்கு ஏறி தட்டை ஓடு பதித்த தளத்தைப் பாருங்கள். 30 வருட வீடு. ஓட்டு இடுக்கில் செடி முளைத்திருந்தால், ஓட்டுக்கு நடுவில் பூசிய சுர்க்கிச் சாந்து விட்டுப்போயிருந்தால், கீழே என்ன செய்தாலும் ஒரு ஐப்பசி மழைக்குத்தான் தாங்கும். ஒரு வீட்டில் ஜிப்சம் சீலிங் போட்ட மறு மாதம் அடைமழை. மேலே ஊறிய தண்ணீர் சீலிங்குக்குள் தேங்கி, ஒரு நாள் விடியற்காலையில் ஒரு பலகையே இறங்கிவிட்டது. நல்ல வேளை, கீழே யாரும் படுக்கவில்லை. சீலிங் இல்லாமல் இருந்திருந்தால் முதல் நாளே ஈரக்கறை தெரிந்திருக்கும்.

இடுக்கை எல்லாம் கீறி எடுத்து அடைத்து, தளம் முழுக்க வெள்ளைச் சுண்ணாம்போ வெயில் திருப்புகிற வெள்ளைப் பெயிண்டோ அடியுங்கள். சித்திரை வெயிலில் பட்டாசல் சூடு குறைவது உட்கார்ந்தாலே தெரியும். பெரிய வீடுகளில் ஏசி போட்டு வாங்குகிற குளிர்ச்சியில் ஒரு பங்கு இது.

சுவர் பற்றி ஒன்று. இப்போது பெரிய பங்களாக்களில் சுண்ணாம்புப் பூச்சுக்கு வெளியூரிலிருந்து ஆள் கூப்பிட்டு, சதுர அடிக்கு நூற்றுக்கணக்கில் கொடுத்துச் செய்கிறார்கள். அது நம் தாத்தா காலத்து வேலை. சுண்ணாம்பை நாள்கணக்கில் ஊறப்போட்டு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய தண்ணீர் ஊற்றி அரைத்துப் பூசியது. அப்பா சின்னப் பையனாக அந்தச் சாந்தை மிதித்திருக்கிறார். ஆனால் உங்கள் பச்சைச் சுவரில் எமல்ஷன் பெயிண்ட் இருக்கும். அதன் மேல் சுண்ணாம்பு பிடிக்காது, பொருக்குப் பொருக்காக உதிரும். முழுக்கச் சுரண்டிச் செய்ய 60,000 காணாது. மினுமினுப்பு இல்லாத மேட் எமல்ஷன், பால் வெள்ளையில் கொஞ்சம் சந்தனம் கலந்த மாதிரி ஒரே நிறம், வீடு முழுக்க. ஒரு சுவருக்கு ஒரு நிறம் என்று வேண்டாம். வீடு சின்னதாகத் தெரியும்.

சிந்துபூந்துறை · திங்கள், இரவு 9:30

நான் அலங்காரம் பற்றிப் பேச வரவில்லை, மரம் பற்றி மட்டும் சொல்கிறேன். 2021-ல் எங்கள் அடுக்களையை மாடுலர் கிச்சன் ஆக்கினோம். இழுத்தால் சத்தமில்லாமல் வரும் டிராயர், பளபளவென்று வெள்ளைக் கதவு. 1,80,000 ஆனது. வீட்டில் எல்லாருக்கும் அவ்வளவு பெருமை.

2023 டிசம்பர் 17 ராத்திரி தாமிரபரணி ஆறு வீட்டுக்குள் வந்தது. விடியும்போது இடுப்பளவு. மாடியில் பக்கத்து வீட்டுக்காரர்களோடு இருந்தோம். தண்ணீர் வடிந்து இறங்கி வந்து கீழ் அலமாரிக் கதவைத் திறந்தேன், கையோடு வந்துவிட்டது. உள்ளே இருந்தது மரம் இல்லை, மரத்தூளை அழுத்திய பலகை. பொரித்த அப்பளம் மாதிரி உப்பி, ஓரத்தைத் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. கொண்டுபோய்த் தெருவில் போட்டபோது என் மனைவி பார்க்கவே இல்லை, உள்ளே போய்விட்டாள்.

அதே தண்ணீரில்தான் ஆச்சியின் தேக்குக் கட்டிலும் கிடந்தது. கழுவி, நிழலில் பத்து நாள் காயவைத்து, எண்ணெய் தடவினோம். இன்றைக்கும் அதில்தான் படுக்கிறேன். பழைய சிவப்புத் தரையில் சேற்றை வாரிக் கழுவியதும் ஒன்றும் ஆகவில்லை.

இப்போது அடுக்களையில் மேடைக்குக் கீழே கடப்பா கல் தட்டுகள், அலுமினியச் சட்டத்தில் கதவு. மேலே மட்டும் பலகை. ஆற்றோரம் இருக்கிறவர்கள் டிவி யூனிட் செய்தாலும் தரையில் உட்காரவைக்காமல் சுவரில் மாட்டச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட்டையும் உயர்த்தி வையுங்கள்.

செங்கோட்டைச் சாரல் · செவ்வாய், காலை 11:10

கட்டட வடிவமைப்பில் வேலை செய்கிறேன். வருகிற வாடிக்கையாளர்கள் எல்லாரும் செல்போனில் துபாய் வில்லா படம் காட்டுகிறார்கள். நான் அவர்களை நாகர்கோவில் தாண்டி தக்கலைக்கு அனுப்புகிறேன். பத்மநாபபுரம் அரண்மனை. திருவிதாங்கூர் ராஜாக்கள் வாழ்ந்த இடம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இன்றைக்கும் கேரள அரசின் பொறுப்பில்தான் இருக்கிறது. திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாளில் போங்கள். அதைவிடப் பெரிய ஆடம்பர வீடு நம் பக்கத்தில் இல்லை.

உள்ளே போனால் முதலில் தெரிவது, தங்கமும் கண்ணாடியும் அங்கே இல்லை என்பது. ராஜா ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் மரச்சட்டங்களைச் சாய்த்து அடுக்கிய ஜன்னல்கள், இடையிடையே நிறமேற்றிய காக்காப்பொன் (மைக்கா) தகடு. வெளியே வெயில் கொளுத்தும்போது உள்ளே வெளிச்சம் மெதுவாக வடிந்து இறங்கும், காற்று மட்டும் தடையில்லாமல் வரும். தரை கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்கு மின்னும். சுண்ணாம்பு, சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்த தரை என்று அங்கே சொல்வார்கள். அந்தக் கறுப்புத் தரையில் ஜன்னல் வெளிச்சம் விழுந்து கிடக்கிறதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து உங்கள் சிவப்புத் தரையைப் பாருங்கள். அதன் ஏழைத் தங்கைதான் இது, அதே குடும்பம்.

செட்டிநாட்டு வீடுகளும் இரவல் வாங்கியவைதான். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி என்று கப்பலில் வந்தது. ஆனால் இன்றைக்கு நம் கைக்கு எட்டுவது ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து, நிறச் சாந்து ஊற்றிக் கையாலேயே செய்கிற தரைக்கல். வீடு முழுக்கப் போட முடியாதவர்கள் வாசல் படிக்கு முன்னால் ஆறு கல், பூஜை அறையில் ஒன்பது கல் பதிக்கலாம்.

கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் 1917-ல் இங்கிலாந்தில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007-ல் மறைந்தவர். செங்கல்லை இடைவெளி விட்டு அடுக்கி, சல்லடை மாதிரி சுவர் எழுப்பினார். ஜன்னல் செலவும் மிச்சம், காற்றும் வரும், தரையில் விழுகிற வெயில் கோலமே அலங்காரம். தார்சாவின் மேற்குப் பக்கம் திறந்து கிடந்தால், மதி, நாலடிக்கு அப்படி ஒரு சுவர் எழுப்ப முடியும். வண்டி நிறுத்துகிற இடத்தை மறைக்கவும் உதவும்.

மகாராஜநகர் மதி · செவ்வாய், இரவு 9:55

எல்லாருக்கும் நன்றி. ஒவ்வொன்றையும் அவரிடமும் அத்தையிடமும் படித்துக் காட்டினேன். மாடி ஏறிப் பார்த்தோம். கொத்தனார் மகன் தம்பி சொன்னதுதான், வடகிழக்கு மூலையில் அரசமரக் கன்று ஒன்று முக்கால் அடி வளர்ந்து நிற்கிறது. டைல்ஸ் வேண்டாம் என்று நான் முடிவெடுத்துவிட்டேன்.

ஷார்ஜா நெல்லைக்காரன் · புதன், காலை 5:40

மன்னிக்க வேண்டும், எனக்கு ஒரு வருத்தம். எல்லாரும் சிவப்புத் தரையைக் கொண்டாடுகிறீர்கள். அதைத் துடைத்தது யார்? எங்கள் வீட்டில் அம்மா. வெள்ளிக்கிழமைதோறும் முட்டி போட்டு, துணியைச் சுருட்டித் தேய்த்துத் தேய்த்துத்தான் அந்த மினுமினுப்பு. அதற்கு முன்னால் ஆச்சி சாணி மெழுகினாள். நான் இங்கே வந்து 11 வருடம் உழைத்து, 2019-ல் வீடு எடுத்துக் கட்டும்போது அம்மா கேட்டது ஒன்றுதான்: "வெள்ளையாப் பெரிய டைல்ஸ் போடுப்பா, தண்ணி ஊத்தித் தள்ளிவிட்டாப் போதும்." போட்டேன். அம்மாவுக்கு அது அரண்மனைதான். பளபளப்பை விரும்புகிறவர்களுக்கு ரசனை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். பழையதை ரசிக்க முடிகிறவர்கள், அந்தப் பழையதில் குனிந்து வேலை செய்யாதவர்கள்.

விளக்கு விஷயத்தில் டீச்சர் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். நான் வேலை பார்த்த ஹோட்டலில் மாலை ஆறு மணிக்கு லாபி விளக்குகளைக் குறைப்பதற்கென்றே ஒரு ஆள் உண்டு.

செங்கோட்டைச் சாரல் · புதன், காலை 9:20

அண்ணாச்சி, நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தை கூட மறுக்க முடியாது. தரையைப் பராமரிக்கிறவர் யாரோ, அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். நான் கேட்காமல் பேசிவிட்டேன்.

மகாராஜநகர் மதி · புதன், இரவு 10:10

ஷார்ஜா அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. டைல்ஸ் வேண்டாம் என்று "நான்" முடிவெடுத்திருந்தேன். இன்றைக்குக் காலையில் அத்தையிடம் கேட்டேன். 30 வருடமாக அந்தத் தரையைத் தேய்த்தது அவர்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தரை இருக்கட்டும். எனக்குக் குனிய முடியல, அதுதான் கஷ்டம். நீள மாப் வாங்கித் தா" என்றார். அப்புறம் தார்சாவில் ஒரு இடத்தைக் காட்டினார். 1994-ல் தரை காய்வதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் ஓடிவந்து மிதித்த தடம். அப்போது அவருக்கு நாலு வயது. அஞ்சு விரலும் தெரிகிறது. எட்டு வருடமாக அந்த வீட்டில் நடக்கிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

தரைக்கு என்ன போடலாம்?

கொத்தனார் மகன் · புதன், இரவு 10:30

சோப்புத் தண்ணீரில் பழைய அழுக்கு மெழுகை எல்லாம் எடுத்துவிட்டு, இரண்டு நாள் நன்றாகக் காயவிடுங்கள். அப்புறம் தரைக்கான சிவப்பு மெழுகு பாலீஷ், ரொம்ப மெல்லிசாக. அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் ஊற்றித் துடைக்கிற பழக்கம் உண்டு, வயதானவர்கள் இருக்கிற வீட்டில் வேண்டாம், வழுக்கும். வெடிப்பு இருந்தால் அப்படியே விடுங்கள். ஒட்டுப்போட்டால் நிறம் சேராது.

பத்தமடைப் பக்கம் · வியாழன், மதியம் 3:45

மரப்பட்டை அடித்த சுவர் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வரிவரியான அழகு வேண்டுமென்றால் எங்கள் ஊர் பத்தமடைக்கு வாருங்கள். கோரைப் பாயை உற்றுப் பாருங்கள், அதே வரிதான், இன்னும் நயமாக.

ஆற்றோரக் கோரையை அறுத்துக் காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஊறப்போட்டு, நயமான பாய்க்கு ஒவ்வொன்றையும் நூல் மாதிரி கீறி எடுப்பார்கள். பட்டுப்பாயைச் சுருட்டினால் துணி மாதிரி மடங்கும். ஒரு பாய் முடிய வாரக்கணக்கில் ஆகும், அதனால் விலை அதிகம், அதில் பேரம் பேசாதீர்கள். புவிசார் குறியீடு வாங்கிய பொருள் அது. கல்யாண வீடு என்கிறீர்கள், மாப்பிள்ளை பெண் பேர் போட்டே நெய்து தருவார்கள். இப்போதே சொல்லிவைத்தால்தான் தைக்குள் கிடைக்கும்.

சுவரில் மாட்ட ஒரு முறை இருக்கிறது. பாயில் ஆணி அடித்தால் கோரை விட்டுப்போகும். மேல் ஓரத்தின் பின்னால் காடாத் துணியில் ஒரு உறை தைத்து, அதற்குள் ரீப்பர் கட்டையை நுழைத்து, கட்டையைச் சுவரில் மாட்டுங்கள். சுவரிலிருந்து அரை அங்குலமாவது தள்ளி நிற்கட்டும், ஒட்டினால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நேர் வெயில் படுகிற சுவர் வேண்டாம், சாயம் வெளுக்கும்.

அம்பை டீச்சர் · வியாழன், இரவு 8:20

திரையைப் பற்றிச் சொல்ல நினைத்து விட்டுப்போனது. தோழி வீட்டுத் திரை கூரையிலிருந்து தொங்கியது என்றீர்கள். நாம் ஜன்னல் சட்டத்துக்கு மேலேயே கம்பி அடித்து, ஜன்னல் அளவுக்கே துணி விடுகிறோம். பாவாடை கட்டிவிட்ட மாதிரி இருக்கும். கம்பியைக் கூரைக்கு நாலு விரல் கீழே அடியுங்கள், ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் ஒரு அடி தள்ளி. திறக்கும்போது துணி சுவர்மேல் ஒதுங்கும், ஜன்னல் முழுசாகத் திறந்திருக்கும், கூரை உயர்ந்த மாதிரி தெரியும்.

துணிக்கு என் வழி: எட்டு முழ வேட்டி. 3.6 மீட்டர் நீளம் வரும். 9 அடி திரைக்கு 2.75 மீட்டர் போதும். மிச்சத்தை வெட்டாமல் மேலே பின்பக்கமாக மடித்துவிட்டால் கனம் கிடைக்கும், நேராகத் தொங்கும். 4 அடி ஜன்னலுக்கு மூன்று வேட்டி இருந்தால் கொசுவம் நன்றாக விழும். தைப்பதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், பருத்தி சுருங்கும். மேற்கு வெயிலை இது தடுக்காது. அதற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி கட்ட வேண்டும். கண்ணாடியைத் தாண்டி சூடு உள்ளே வந்த பிறகு எந்தத் திரையும் அதை வெளியே அனுப்பாது.

மகாராஜநகர் மதி · 5 வாரம் கழித்து, ஞாயிறு மாலை 6:40

முடித்துவிட்டோம். சொன்னவர்களுக்கு எல்லாம் கணக்கு ஒப்பிக்க வேண்டும்.

மாடித்தளம் இடுக்கு அடைத்து வெள்ளை அடிக்க 21,000. அரசங்கன்றை வேரோடு எடுத்து ஆற்றங்கரைக்குக் கொண்டுபோய் நட்டார் மாமா. உள்ளே பெயிண்ட் கூலியோடு 24,000, சந்தன வெள்ளை. எலக்ட்ரீஷியன் ஆறு பாயின்ட், பல்பு, ஹோல்டர் சேர்த்து 5,800. திரைக்கம்பி, ஒன்பது வேட்டி, தையல் 4,900. காருகுறிச்சியில் மூன்று பானை சொல்லிச் செய்தோம், விளக்குக்காக. சுடுவதற்கு முன்னாலேயே அடியில் ஒயருக்கும் வயிற்றில் வெளிச்சத்துக்கும் துளை போட்டுக் கொடுத்தார்கள். சுட்ட பிறகு துளைத்தால் விரிசல் விடும் என்று அந்த அம்மா சொன்னார். அது 900. பாய்க்கு முன்பணம் 2,000 கொடுத்திருக்கிறோம், மீதி தையில். சல்லடைச் சுவர் இந்த வருடம் முடியவில்லை.

சரியாக வராதது ஒன்று: ஜன்னலுக்கு எதிரே பெரிய கண்ணாடி மாட்டினேன். மத்தியானம் வெயில் அதில் அடித்து அத்தையின் கண்ணில் விழுந்தது. கழற்றி அறைக்குள் மாட்டிவிட்டேன்.

ஷோகேஸ் சாமான்களை எடுப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அத்தை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து யார் கொடுத்தது என்று சொன்னார். கடைசியில் அவரே மூன்றைத் தேர்ந்தெடுத்தார்: ஒரு பித்தளைக் கூஜா, அம்பாசமுத்திரத்து மரச்செப்பு, மாமாவின் பழைய ரேடியோ. மற்றது பெட்டிக்குள்.

நேற்று சாயங்காலம் மூன்று பானை விளக்கில் இரண்டைத் தார்சா மூலையில் வைத்துப் போட்டோம். துளை வழியாக வந்த வெளிச்சம் தரையில் அந்தக் கால் தடத்துக்குப் பக்கத்தில் புள்ளி புள்ளியாக விழுந்தது. என் வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு தன் காலை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அத்தை உள்ளே போய் காபி போட்டுக்கொண்டு வந்து, நாற்காலி இருந்தும் தரையில் உட்கார்ந்தார்.

சாத்தான்குளம் ராணி · ஞாயிறு, மாலை 7:05

படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது மதி. பானைக்குள் என்ன பல்பு போட்டீர்கள்? சூடாகாதா? வாடகை வீட்டுக்கும் இது சரியாக வரும் போலிருக்கிறது.

மகாராஜநகர் மதி · ஞாயிறு, மாலை 7:20

5 வாட் எல்.இ.டி., 2700 கெல்வின். வாய் திறந்திருப்பதால் சூடு தங்கவில்லை, கை வைத்துப் பார்த்தேன். பிளக்கில் செருகினால் போதும், சுவரில் ஒரு ஆணி கூட வேண்டாம். பானையின் அடியில் நாலு ரப்பர் பொட்டு ஒட்டிவிடுங்கள், ஒயர் நசுங்காது.